செசாரின் காசும் இறைவனின் சாயலும்



ஞாயிறு பூசையிலும், வீட்டில் செபமாலை தொடங்கும்போதும் நாம் விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். நம் ஆண்டவரின் திருப்பெயர் நீங்கலாக அதில் இரண்டே இரண்டு மனிதர்களின் பெயர் வருகிறது. ஒன்று நம் தேவதாயின் பெயர். மற்றொன்று போஞ்சு பிலாத்துவின் பெயர். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும், புதுநன்மைக்குத் தயாராகும் குழந்தையும் உரோமை அதிகாரி ஒருவனின் பெயரைத் தவறாமல் உச்சரிக்கிறார்கள். இது ஏன் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

நம் விசுவாசம் "ஒரு ஊரிலே ஒரு ராஜா" என்று தொடங்கும் கதையன்று. குறித்த ஒரு நாட்டில், குறித்த ஓர் ஆட்சியில் நடந்த நிகழ்ச்சி அது. போஞ்சு பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவன். அவன் பெயர் பொறித்த கல் ஒன்று 1961-ம் ஆண்டில் செசாரியா நகரின் இடிபாடுகளில் கிடைத்தது. ஆகவே நம் ஆண்டவர் வரி, சுங்கம், குடிக்கணக்கு, போர்வீரர் காவல் என்ற இத்தனைக்கும் நடுவே ஓர் அந்நிய ஆட்சியின் குடிமகனாக வாழ்ந்து மரித்தார் என்பது திண்ணம். அந்த ஆட்சியின் கீழ் விசுவாசிகள் எப்படி வாழ்ந்தார்கள், அது நமக்கு என்ன கற்பிக்கிறது என்பதை இந்த ஜூபிலி மலரில் சிறிது சிந்திப்போம்.

வரி கேட்ட அரசு

கி.பி. 6-ம் ஆண்டில் யூதேயா நேரடியாக உரோமை ஆட்சியின் கீழ் வந்தது. உடனே குடிக்கணக்கு எடுத்தார்கள், தலைவரி விதித்தார்கள். அதை எதிர்த்துக் கலிலேயனாகிய யூதாஸ் என்பவன் கலகம் செய்தான். கலகம் அடக்கப்பட்டது. ஆனால் மக்கள் மனத்தில் கனன்ற நெருப்பு அணையவில்லை.

இந்தப் பின்னணியில்தான் நம் ஆண்டவரிடம் அந்தத் தந்திரமான கேள்வி கேட்கப்பட்டது. செசாருக்கு வரி கொடுக்கலாமா, கூடாதா? கொடுக்கலாம் என்றால் மக்களின் பகை. கூடாது என்றால் அரசின் தண்டனை. அவர் ஒரு காசைக் கொண்டுவரச் சொன்னார். அது தெனாரியம் என்னும் வெள்ளிக்காசு. திராட்சைத் தோட்டத்து உவமையில் வரும் கூலியாளின் ஒருநாள் கூலியும் அதுவே. அதிலுள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்று கேட்டார். செசாருடையவை என்றார்கள். அப்படியானால் செசாருக்கு உரியதை அவனுக்கே கொடுத்துவிடுங்கள், ஆனால் இறைவனுக்கு உரியதை இறைவனுக்குக் கொடுங்கள் என்று பதில் சொன்னார்.

இந்தப் பதிலின் முற்பகுதியை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். பிற்பகுதியை அவ்வளவாக நினைப்பதில்லை. காசில் செசாரின் உருவம் இருந்ததால் அது செசாருக்குச் சேரும். அப்படியானால் இறைவனின் உருவம் எதில் இருக்கிறது? மனிதனை இறைவன் தமது சாயலாகவே படைத்தார் என்று வேதாகமத்தின் முதல் அதிகாரமே சொல்கிறது. ஆகவே காசு செசாருக்கு, மனிதன் இறைவனுக்கு. எந்த அரசனும் காசைக் கேட்கலாம், மனிதனின் ஆன்மாவைக் கேட்க முடியாது.

நம் மண்ணில் கிடைத்த அதே காசு

ஆண்டவர் கேட்டு வாங்கிய காசு திபேரியு மன்னனுடைய தெனாரியம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. திபேரியு கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவன். காசின் ஒரு பக்கத்தில் அவனுடைய தலை. சுற்றிலும் 'தெய்வமான அகுஸ்துவின் மகன்' என்ற பொருளுள்ள எழுத்து. மறுபக்கத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண். அங்கே 'தலைமைக் குரு' என்ற பட்டம். அரசனுக்கு உரிய இடத்தோடு தெய்வத்துக்கு உரிய இடத்தையும் அந்தக் காசு கோரிக்கொண்டது.

வியப்பு என்னவென்றால், இதே வகைக் காசுகள் நம் தமிழ்நாட்டு மண்ணிலும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. மிளகு, முத்து, பச்சைக்கல், நல்ல துணி ஆகியவற்றை வாங்க யவன வணிகர்கள் பொன்னும் வெள்ளியும் கொண்டுவந்தார்கள். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று மூத்த பிளினி முறையிட்டு எழுதினான். கொங்கு நாட்டில் பொள்ளாச்சி, கரூர் முதலிய இடங்களில் அகுஸ்து, திபேரியு ஆகிய இருவரின் வெள்ளிக்காசுகள் பானை பானையாகப் புதைந்திருந்து வெளிப்பட்டன. நம் ஊரிலிருந்து அரக்கோணம்–சென்னை இரயில் ஏறிப் போனால், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உரோமைக் காசுகளை நம் கண்ணாலேயே காணலாம்.

1898-ம் ஆண்டு புதுக்கோட்டைச் சீமையில் 501 உரோமைப் பொற்காசுகள் அடங்கிய புதையல் ஒன்று கிடைத்தது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மன்னனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. மீண்டும் புழக்கத்துக்குப் போகக் கூடாதென்று வெட்டினார்கள் என்பார் சிலர். எப்படியாயினும், உரோமையில் தெய்வமாக வணங்கப்பட்ட முகம் நம் முன்னோருக்கு வெறும் உலோகமாகவே இருந்தது. முகம் வெட்டுப்பட்டாலும் பொன்னின் மதிப்பு குறையவில்லை.

அந்தக் காசுகள் வந்த கடல் வழியேதான் அப்போஸ்தலரான புனித தோமையாரும் வந்தார் என்பது நம் திருச்சபையின் நெடுநாளைய பாரம்பரியம். கி.பி. 52-ல் கொடுங்கல்லூர்க் கரையில் இறங்கி, கி.பி. 72-ல் மயிலையில் வேதசாட்சியாக மரித்தார் என்று அது கூறுகிறது. செசாரின் சாயலைச் சுமந்துவந்த கப்பல்கள் வேறொரு சாயலின் செய்தியையும் சுமந்து வந்தன.

ஒரு சிட்டிகை சாம்பிராணி

ஆண்டவரின் பதிலை ஆதித் திருச்சபை சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்தது. வரியை ஏய்க்காமல் செலுத்தினார்கள், அரசனுக்காக மன்றாடினார்கள். கிறிஸ்தவர்கள் வரியை நாணயமாகக் கட்டுவதால் அரசு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கி.பி. 197-ம் ஆண்டளவில் தெர்த்துல்லியன் எழுதினார். அக்கம்பக்கத்தாரின் மொழியையே பேசினார்கள், அவர்கள் உடுப்பதையே உடுத்தினார்கள், அவர்கள் உண்பதையே உண்டார்கள், நடத்தையில்தான் வேறுபட்டார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் நம் எல்லைப்புறத்தில், பல சமயத்தாரோடும் உறவாடி வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும்.

ஆனால் அரசு காசோடு நிற்கவில்லை. கி.பி. 112-ம் ஆண்டளவில் மூத்த பிளினியின் சகோதரி மகனான இளைய பிளினி, பித்தினியா நாட்டு ஆளுநனாக இருந்தான். கிறிஸ்தவர்களை என்ன செய்வதென்று திராயான் மன்னனுக்குக் கடிதம் எழுதினான். குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள். திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை, அடைக்கலமாக வைத்த பொருளை இல்லையென்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். இவ்வளவுதான் அவன் கண்டுபிடித்த குற்றம்! உண்மை அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் அவனே எழுதியிருக்கிறான். அவர்கள் சபையில் திருப்பணி செய்தவர்கள். அவர்களுடைய பெயரை அவன் எழுதவில்லை. மோட்சத்தில் அது எழுதப்பட்டிருக்கும்.

தப்பிக்க வழி எளிதாகவே இருந்தது. மன்னனின் சிலைக்கு முன் ஒரு சிட்டிகை சாம்பிராணியும் சிறிது மதுவும் வைத்து, கிறிஸ்துவைப் பழித்துவிட்டால் போதும், வீட்டுக்குப் போகலாம். சுமிர்னா நகர ஆயர் புனித பொலிக்கார்ப்பு எண்பது வயதைக் கடந்தவர். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அதிகாரிகளே, இதில் என்ன கெடுதி என்று நயமாகக் கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் தமக்கு நன்மையே செய்த அரசரைத் தாம் பழிக்க இயலாது என்று அந்த முதியவர் மறுத்து, நெருப்பில் உயிர் கொடுத்தார்.

சான்றிதழ் வாங்கியவர்கள்

எல்லாரும் பொலிக்கார்ப்பு அல்லர். இதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கி.பி. 250-ல் தேசியு மன்னன் ஒரு கட்டளையிட்டான். நாட்டு மக்கள் தேவர்களுக்குப் பலியிட்டு, அதிகாரிகளிடம் அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் பல எகிப்து நாட்டு மணலில் இன்றும் அழியாமல் கிடைத்துள்ளன. விண்ணப்பதாரர் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, உடலில் உள்ள தழும்பு அடையாளம், 'உங்கள் முன்னிலையில் பலியிட்டு உண்டேன்' என்ற வாக்குமூலம், கீழே அதிகாரியின் கையெழுத்து. படிக்கும்போது நம் தாலுக்கா ஆபீஸ் மனுவைப் படிப்பது போலவே இருக்கும்.

அந்த வேதகலாபனையில் சிலர் சிறை சென்றனர். சிலர் உயிர் துறந்தனர். பலர் அஞ்சிப் பலியிட்டனர். இன்னும் சிலர் பலியிடாமலே, காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டனர். பிள்ளைகுட்டிகளைக் காப்பாற்ற வேண்டுமே என்பது அவர்கள் கவலை.

கலாபனை தணிந்ததும் அவர்கள் கோயில் வாசலில் வந்து அழுது நின்றார்கள். இவர்களை என்ன செய்வது? நிரந்தரமாகத் தள்ளிவிடுங்கள் என்றார்கள் சிலர். ஒன்றும் கேளாமல் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள் வேறு சிலர். கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்பிரியான் இரண்டையும் ஏற்கவில்லை. கி.பி. 251-ல் ஆயர்கள் கூடி, ஒவ்வொருவருடைய நிலைமையையும் தனித்தனியே ஆராய்ந்து, தவம் செய்வித்துச் சேர்த்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களிடம் அதிக இரக்கம் காட்டினார்கள். அதே சிப்பிரியான் கி.பி. 258-ல் தாமே வேதசாட்சியாகத் தலை கொடுத்தார். உறுதியாய் நின்றவரே விழுந்தவர்பால் இரக்கம் காட்டினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் வீட்டுச் சான்றிதழ்

கி.பி. 313-ல் கொன்ஸ்தந்தீன் மன்னன் காலத்தில் திருச்சபைக்கு விடுதலை வந்தது. இன்று நம்மைச் சாம்பிராணி போடச் சொல்லி எந்த அரசும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பிய வேதத்தைக் கைக்கொள்ள நம் அரசியல் சட்டம் உரிமை தந்திருக்கிறது. அதற்காக நன்றியுள்ளவர்களாய் இருப்போம். ஆனாலும் நம் மக்களில் பலருக்குச் சான்றிதழ்ச் சோதனை மட்டும் தீரவில்லை.

1950-ம் ஆண்டு ஆகஸ்ட் 10-ம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குரிய சலுகைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-ல் சீக்கியரும், 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்பட்ட வகுப்பினராகவே கருதப்படுகிறார்கள். சென்னை வீதியோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர், தம்மைப் போன்ற தொழிலாளருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை கிறிஸ்தவர் என்பதால் தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் வழக்கு தள்ளுபடியாயிற்று. 2022-ல் மத்திய அரசு இதை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது.

இதன் விளைவு நமக்குத் தெரியாததன்று. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர். பள்ளிக்கூடச் சான்றிதழில் வேறொரு பெயர். எந்த வீட்டுக் கதை இது என்று நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்குப் படிப்பு வேண்டும், வேலை வேண்டும். காகிதத்தில்தானே, மனத்தில் இல்லையே என்று தாய் தகப்பன் தேற்றிக்கொள்கிறார்கள். அந்தக் காகிதம் மனத்தை உறுத்தாமல் இருப்பதுமில்லை. இவர்களைக் குற்றம் சாட்ட நமக்கு என்ன உரிமை உண்டு? இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர்கள் இவர்களைப் பார்த்து விசுவாசம் போதாது என்று பேசுவது எளிது. சிப்பிரியான் காட்டிய வழி நமக்கு இருக்கிறது. பொய்யை மெய் என்று சொல்ல வேண்டாம். ஆனால் கோயில் கதவை அடைக்கவும் வேண்டாம். அவர்கள் உரிமைக்காக முறைப்படி குரல் கொடுப்பதும், ஏழைப் பிள்ளையின் படிப்புச் செலவில் பங்கு கொள்வதும் முழுப் பங்கின் கடமை.

அதைவிட ஒன்று. தமிழகத்தில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தையே சுவர் வைத்துப் பிரித்த கிறிஸ்தவர்கள் உண்டு. செசார்கூட இறந்தவனிடம் வரி கேட்கவில்லை! சாதி என்னும் உளியால் சகோதரனின் முகத்தை நாமே வெட்டிவிட்டு, அரசாங்கம் அநீதி செய்கிறதென்று முறையிட்டால் ஆண்டவர் கேட்பாரா?

முடிவுரை

நம்மை அடுத்த திருத்தணி 1953-ல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது; ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960-ல் மீண்டும் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. ஏழே ஆண்டுகளில் இருமுறை ஆட்சி எல்லை மாறியது. நிலமும் மக்களும் மாறவில்லை. செசார்கள் வருவார்கள், போவார்கள். அவர்களுக்கு உரிய வரியை, ஒழுங்கை, மரியாதையைக் குறைவின்றிக் கொடுப்போம். லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் செசாருக்கு உரியதுமன்று, இறைவனுக்கு உரியதுமன்று என்பதையும் நினைவில் வைப்போம்.

புதுக்கோட்டைப் பொற்காசுகளில் முகம் வெட்டுப்பட்டும் பொன் பொன்னாகவே இருந்தது. வறுமையும் சாதியும் வெட்டிய முகங்களிலும் இறைவனின் சாயல் அப்படியே இருக்கிறது. அடுத்த ஞாயிறு விசுவாசப் பிரமாணத்தில் பிலாத்துவின் பெயரைச் சொல்லும்போது, நம் பக்கத்தில் நிற்பவரை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். அந்த முகம் யாருடைய சாயல் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.