பக்கக்கோட்டு எச்சரிக்கை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கால்பந்தில், பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பயிற்றுநர்களோ மாற்று வீரர்களோ களத்தை ஒட்டிய தடைப்பகுதியில் நின்றால், நடுவர்கள் அந்த அணிமீது எடுக்கும் முதல் நடவடிக்கை பக்கக்கோட்டு எச்சரிக்கை எனப்படும். இங்கே கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும், தலைக்கவசம் அணிந்து மோதும் அமெரிக்க ஆட்டம். இதற்கான விதிகளை இண்டியானாபொலிஸில் இயங்கும் மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு வகுக்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் அவற்றையே பின்பற்றுகின்றன. டெக்சாஸ் மட்டும் கல்லூரி விதிகளைத் தழுவி ஆடுகிறது.

களத்தின் இருபுறமும் 25 கஜக் கோடுகளுக்கு இடைப்பட்ட நீளத்தில் அணிக்கான இடம் குறிக்கப்பட்டிருக்கும். அதற்கும் பக்கக்கோட்டுக்கும் நடுவே 2 கஜ அகலத்தில், அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக, ஒரு பட்டை ஓடுகிறது. விதிப்புத்தகம் இதைத் தடைப்பகுதி என்கிறது. பந்து ஆட்டத்தில் இல்லாதபோது மூன்று பயிற்றுநர்கள் வரை இங்கே வந்து வீரர்களுடன் பேசலாம். பந்து உயிர்பெற்றதும் அவர்களும் விலகிவிட வேண்டும்.

இந்தப் பட்டை யாருக்காக என்பது தெரிந்தால்தான் விதியின் கடுமை புரியும். பள்ளி ஆட்டத்தில் பொதுவாக ஐந்து நடுவர்கள் இருப்பார்கள். அவர்களில் லைன்ஸ்மேன், லைன் ஜட்ஜ் ஆகிய இருவரும் ஆளுக்கொரு பக்கக்கோட்டில் நிற்கிறார்கள். ஆட்டம் தொடங்கியதும் இவர்கள் பந்தையும் ஓட்டக்காரரையும் பார்த்தபடியே கோட்டோரம் ஓடுகிறார்கள்; ஆட்டம் தங்களை நோக்கித் திரும்பினால் பின்வாங்குகிறார்கள். முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது என்று அவர்களால் பார்க்க முடியாது. முன்னால் கவசம் அணிந்த இளைஞர்கள் முழு வேகத்தில் வருகிறார்கள். பின்னால் கையில் ஆட்டத்தாளோடு ஒரு பயிற்றுநர் நின்றால், நடுவர் ஒதுங்க இடமே இல்லை. ஆகவே இதை ஒழுங்குவிதி என்பதைவிடப் பாதுகாப்புவிதி என்பதே பொருந்தும்.

தண்டனை படிப்படியாக ஏறுகிறது. முதல் முறைக்கு எச்சரிக்கை மட்டும், தூர இழப்பு கிடையாது. இரண்டாவது முறைக்கு 5 கஜம். மூன்றாவதற்கும் அதன்பின் வரும் ஒவ்வொன்றுக்கும் 15 கஜம். கணக்கு அணியின் பெயரில் ஏறுகிறது, தனி ஆளின் பெயரில் அல்ல. முதல் கால்பகுதியில் ஓர் உதவிப் பயிற்றுநர் வாங்கிய எச்சரிக்கையும் கடைசிக் கால்பகுதியில் ஒரு மாற்று வீரர் செய்த மீறலும் ஒரே கணக்கில் அடுத்தடுத்த படிகள். இடைவேளையோடு கணக்கு அழிவதில்லை.

பயிற்றுநர்கள் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்வது மோதல் பற்றிய விதியைத்தான். "எங்களுக்கு இன்னும் எச்சரிக்கையே வரவில்லையே" என்று அவர்கள் வாதிடுவதுண்டு. அந்த வாதம் நிற்காது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது தடைப்பகுதியில் நிற்பவர்மீது நடுவர் மோதிவிட்டால், அது தற்செயலாகவே இருந்தாலும், படிக்கணக்கு பொருந்தாது. அது வேறு விதியின் கீழ் வரும் குற்றம்: முதல் முறையே 15 கஜம், இரண்டாவது முறை நடந்தால் தலைமைப் பயிற்றுநர் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுகிறார். நடுவர் மோதியது யார்மீது என்பது பொருட்டல்ல. பக்கக்கோட்டைக் கட்டுக்குள் வைப்பது தலைமைப் பயிற்றுநரின் பொறுப்பு என்று விதி கருதுகிறது. இது கடுமைதான், ஆனால் நியாயமான கடுமை.

தடைப்பகுதியில் நின்றபடி நடுவரை வசைபாடுவதும் தனிக் குற்றமே. அது பண்பற்ற நடத்தை. எச்சரிக்கைக்கு வேலையில்லாமல் 15 கஜம் போகும். ஒரே ஆள் இரண்டு முறை செய்தால் வெளியேற்றம். எங்கே நின்றார் என்பதற்கு ஒரு கணக்கு, என்ன பேசினார் என்பதற்கு வேறொரு கணக்கு. இரண்டையும் குழப்பி, வசைபாடியவரை வெறும் பக்கக்கோட்டு எச்சரிக்கையோடு விட்டுவிடும் நடுவர் சலுகை காட்டவில்லை. விதியைத் தவறாகப் பயன்படுத்துகிறார்.

தூர இழப்பு, மீறல் நடந்த அந்தச் சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. எனவே பயிற்றுநர் கோட்டோரம் ஓடிக் கூச்சலிட, அவருடைய வீரர் டச்டவுன் அடித்தால், அந்தப் புள்ளிகள் பறிபோவதில்லை. தண்டனை அதன்பிறகு வருகிறது.

வெளியில் நிற்பவர் ஆட்டத்திலேயே குறுக்கிட்டால் கஜக் கணக்கு போதாது. 1954 ஜனவரி 1 அன்று நடந்த காட்டன் பௌல் கல்லூரி ஆட்டத்தில், ரைஸ் அணியின் டிக்கி மேகிள் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தபோது அலபாமாவின் டாமி லூயிஸ் இருக்கையிலிருந்து பாய்ந்து வந்து அவரை வீழ்த்தினார். நடுவர் 95 கஜ டச்டவுன் வழங்கினார். பள்ளி விதிகளும் இத்தகைய முறைகேட்டுக்கு, புள்ளி வழங்குவது உட்பட, நியாயமெனப் படும் தண்டனையை விதிக்கும் உரிமையை நடுவருக்குத் தருகின்றன. தொழில்முறை ஆட்டத்திலும் உதாரணம் உண்டு: 2013 நவம்பரில் பிட்ஸ்பர்க் பயிற்றுநர் மைக் டாம்லின், பந்தோடு ஓடி வந்த ஜக்கோபி ஜோன்ஸின் வழியை ஒட்டிக் களத்துக்குள் கால்வைத்தார். அப்போது நடுவர்கள் தண்டனை விதிக்கவில்லை. பின்னர் லீக் அவருக்கு 1,00,000 டாலர் அபராதம் விதித்தது.

கல்லூரி விதிகளில் ஏற்றம் சற்று மெதுவானது: எச்சரிக்கைக்குப் பின் இரண்டாவதும் மூன்றாவதும் 5 கஜம், நான்காவது முதல்தான் 15.

நடைமுறையில் பல நடுவர்கள் "பின்னால் போங்கள்" என்று வாயால் சொல்லிச் சொல்லியே ஆட்டத்தை ஓட்டிவிடுவார்கள். பெருந்தன்மைபோலத் தோன்றினாலும் இதனால் தீங்குதான் வருகிறது: முறையான எச்சரிக்கை பதிவாகாதவரை அணி தன் பழக்கத்தை மாற்றிக்கொள்வதில்லை, அடுத்து வருவது மோதலும் 15 கஜமுமாக இருக்கிறது. முதல் மீறலிலேயே எச்சரிக்கையைப் பதிவுசெய்து தலைமைப் பயிற்றுநரிடம் நேரில் சொல்லிவிடுவதே சரியான முறை. அணிகளும் ஓர் உதவிப் பயிற்றுநரை மற்றவர்களைப் பின்னுக்கு இழுப்பதற்கென்றே நிறுத்துவதுண்டு. அமெரிக்காவில் அவரைக் கெட்-பேக் கோச் என்கிறார்கள். அப்படி ஒருவரை ஒவ்வொரு பள்ளி அணியும் நியமித்துக்கொள்ள வேண்டும்.