வேட்டை நாயின் மூன்றாம் இமை: ஒரு மருத்துவ வரலாறு

முன்னுரை

மோப்பம் பிடித்தபடி தலையைத் தாழ்த்தி ஓடும் வேட்டை நாயின் முகத்தில்தான் முள்ளும் காய்ந்த புல்லும் முதலில் படுகின்றன. வளைக்குள் நுழையும் நாய்க்குக் கண்ணில் மண் விழுகிறது. காட்டுப் பன்றியை எதிர்க்கும் நாய்க்குக் கொம்பும் குளம்பும் கண்ணருகே வருகின்றன. இதனால், வேட்டை நாய்களை வளர்த்தவர்கள் பழங்காலம் முதலே அவற்றின் கண் நோய்களைக் கவனித்து வந்துள்ளனர்.

அவர்கள் நாய்களிடம் காட்டிய அன்பிலும் அக்கறையிலும் குறை சொல்ல முடியாது. ஆனால், கண்ணைக் காப்பதற்காகவே நாயின் உடலில் அமைந்த ஓர் உறுப்பைப் பல நூற்றாண்டுகளாக நோய் என்று கருதி வெட்டி எடுத்தார்கள். அந்த உறுப்பு மூன்றாம் இமை. அதை நோயாகக் கண்ட காலத்திலிருந்து மருந்தாகவே பயன்படுத்திய காலம் வரையிலான வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்றாம் இமை என்பது என்ன?

நாயின் கண்ணுக்கு மேலிமை, கீழிமை ஆகியவற்றோடு இன்னோர் இமையும் உண்டு. மூக்கை ஒட்டிய உள் மூலையில் அது மடிந்து கிடக்கும். நாய் நலமாக இருக்கும்போது அதன் ஓரம் மட்டுமே சிறிது தெரியும். அதற்குள் ஆங்கில எழுத்தான ‘டி’ வடிவில் ஒரு குருத்தெலும்பும், அதன் அடியில் ஒரு கண்ணீர்ச் சுரப்பியும் உள்ளன. நாயின் கண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இந்தச் சுரப்பியிலிருந்தே வருகிறது.

கண்ணில் ஏதாவது பட்டால், விழிக்குப் பின்னாலுள்ள தசை விழியை உள்ளே இழுக்கிறது. உடனே மூன்றாம் இமை விழியின் குறுக்கே நகர்ந்து, தூசியைத் துடைத்து, கண்ணீரைப் பரப்புகிறது. கையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாத விலங்குக்கு அதுவே கைக்குட்டை. முள்ளோ புல் விதையோ உள்ளே தங்கி வலி நீடித்தால், இந்த இமையும் கண்ணை மூடியபடியே நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கண்ணின் மூலையிலிருந்து சிவந்த சதை வளர்ந்து வருவது போலத் தோன்றும்.

மனிதனுக்கு இந்த இமை இல்லை. கண்ணின் உள் மூலையில் காணப்படும் சிறு மடிப்பு அதன் எச்சமாகக் கருதப்படுகிறது. மருத்துவ வரலாற்றில் நேர்ந்த குழப்பத்துக்கு இந்த வேறுபாடே காரணமாயிற்று.

பண்டைய நூல்களில் நாயின் கண்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் செனபோன் வேட்டை பற்றி ஒரு நூல் எழுதினார். நல்ல வேட்டை நாய்க்குக் கரிய, ஒளியுள்ள கண்கள் வேண்டும் என்பது அவர் கருத்து. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அதே தலைப்பில் எழுதிய அர்ரியன், செனபோனின் நூலை நிறைவு செய்யவே தாம் எழுதுவதாகக் கொண்டார். சாம்பல் நிறக் கண்ணுடைய நாயைத் தாமே வளர்த்ததாகவும், அது மிகச் சிறந்த நாய் என்றும் அவர் பதிவு செய்துள்ளார். இவர்கள் காலத்தில் கண் என்பது நாயைத் தேர்ந்தெடுக்க உதவும் ஓர் அடையாளம்.

மனிதக் கண் மருத்துவத்தில் அப்போதே அறுவை முறைகள் இருந்தன. கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய எழுத்தாளர் செல்சஸ், கண்ணின் மூலையிலிருந்து கருவிழியை நோக்கி வளரும் சதையைக் கொக்கியாலும் ஊசி நூலாலும் தூக்கி அறுக்கும் முறையை விளக்குகிறார். இந்தியாவின் சுசுருத சம்கிதையிலும் இதை ஒத்த சிகிச்சை உண்டு. நம் ஊர்களில் ‘கண்ணில் சதை வளர்கிறது’ என்று சொல்லப்படும் அதே நோய்தான் இது. இலத்தீன் மொழியில் அதற்கு ‘நகம்’ என்று பொருள்படும் பெயர் இருந்தது. மனித நோய்க்குரிய அந்தப் பெயரை இடைக்கால நூல்கள் நாயின் கண்ணுக்கும் வைத்தன.

கோமகனின் வேட்டை நூல்

பிரான்சின் தெற்கே ஃபுவா பகுதியை ஆண்ட கோமகன் மூன்றாம் காஸ்தோன், ஃபேபுஸ் என்ற பட்டப்பெயரால் அறியப்படுகிறார். அவர் 1387இல் வேட்டை பற்றிய பெரிய நூல் ஒன்றை எழுதத் தொடங்கினார். 1391இல் கரடி வேட்டை முடிந்த கையோடு அவர் இறந்தார். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படியெடுக்கப்பட்ட அந்நூலின் ஓவியப் பிரதி ஒன்று பாரிசிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது. பணியாளர்கள் நாய்களுக்குச் சிகிச்சை செய்யும் ஓவியமும் அதில் உண்டு.

இந்த நூலின் பெரும்பகுதியை யார்க் கோமகன் எட்வர்ட் 1406க்கும் 1413க்கும் இடையில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நாய்களின் நோய்களைக் கூறும் அதிகாரத்தில் கண் நோயும் இடம்பெறுகிறது. கண்ணில் படலம் படரும் என்றும், மூலையிலிருந்து ‘நகம்’ எனப்படும் சதை வளரும் என்றும், கவனிக்காவிட்டால் நாய் குருடாகும் என்றும் அது எச்சரிக்கிறது. சொல்லப்படும் இடத்தையும் வடிவையும் பார்க்கும்போது, அந்த நகம் மூன்றாம் இமையே என்று கொள்ளலாம்.

அந்த நூல் மூன்று சிகிச்சைகளைக் கூறுகிறது. முதலாவது, எல்ம் மரத்தின் இலையாலும் பட்டையாலும் செய்த வளையத்தை நாயின் கழுத்தில் கட்டுவது. வளையம் காயும்போது நகமும் உதிர்ந்துவிடும் என்று சிலர் நம்பினார்கள். இதனால் பெரிய பயன் இல்லை என்று நூலே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, செலண்டைன் என்னும் செடியின் சாற்றில் இஞ்சிப் பொடியும் மிளகுப் பொடியும் கலந்து, நாள்தோறும் மூன்று வேளை, ஒன்பது நாள் கண்ணில் இடுவது. தாய்க் குருவிகள் குஞ்சுகளின் பார்வையைத் திரும்பப் பெற இந்தச் செடியைப் பயன்படுத்துவதாகக் கிரேக்கர் காலத்திலிருந்தே ஒரு நம்பிக்கை இருந்தது. ஆனால், அதன் மஞ்சள் பால் கண்ணை எரிக்கக்கூடியது. மலபார்க் கரையிலிருந்து பல கைகள் மாறி ஐரோப்பாவுக்குப் போன விலையுயர்ந்த மிளகு அத்துடன் சேர்ந்தது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளை நாய்க்குச் செலவிட்டது அக்கறையின் அடையாளம்தான். அந்த அக்கறையால் நாய்க்குக் கிடைத்ததோ எரிச்சல்.

மூன்றாவது அறுவை. ஊசியை நடுவில் வளைத்து, அதனால் சதையைத் தூக்கிப் பிடித்து, சவரக் கத்தியால் அறுக்க வேண்டும். ஊசி விழியில் பட்டுவிடக் கூடாது என்று நூல் எச்சரிக்கிறது. குதிரைக்கு இதைச் செய்து பழகிய கொல்லர்களுக்கு நாய்க்கும் செய்யத் தெரியும் என்றும் அது குறிப்பிடுகிறது. ஐரோப்பாவில் குதிரைக்கு லாடம் அடித்த கொல்லரே அந்நாளில் விலங்கு வைத்தியரும் ஆவார்.

எங்கே பிழைத்தது?

அந்த வைத்தியர்களிடம் கைத்திறன் இருந்தது. மனிதக் கண்ணை அளவுகோலாக வைத்து நாயின் கண்ணைப் பார்த்ததே பிழை. மனிதனின் கண் மூலையில் சதை தெரிந்தால் அது நோய். நாயின் கண் மூலையில் தெரிவதோ இயல்பான உறுப்பு. அது வழக்கத்தைவிட அதிகமாக வெளியே வந்தால் கண்ணில் வேறு ஏதோ துன்பம் இருக்கிறது என்பதற்கு அறிகுறி.

முள்ளால் கீறப்பட்ட கண்ணைக் காக்க இமை முன்னே வருகிறது. இமையே நோய் என்று எண்ணி அதை அறுத்துவிட்டால், முள் உள்ளேயே இருக்கும், கண்ணீரும் குறையும், அடுத்த முறை அந்தக் கண்ணைத் துடைக்க எதுவும் இருக்காது. காவல்காரன் கூச்சலிட்டதும் கள்வனை விட்டுவிட்டுக் காவல்காரனைத் துரத்தியதைப் போன்றது இது.

கால்நடை மருத்துவப் பள்ளிகளின் வருகை

1761இல் அரசின் அனுமதி பெற்று, பிரான்சின் லியோன் நகரில் குளோது பூர்ஷெலா ஒரு கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவினார். ஐரோப்பாவில் இத்தகைய பள்ளிகளுள் அதுவே முதலாவது. 1791இல் லண்டனிலும் ஒரு கல்லூரி தோன்றியது. குதிரையையும் நாயையும் அறுத்து ஆராய்ந்து, உறுப்புகள் எதற்காக இருக்கின்றன என்று கற்கும் முறை வளர்ந்தது. டெலபீர் பிளேன் 1817இல் நாய்களின் நோய்களுக்கென்றே தனி நூல் வெளியிட்டார்.

வில்லியம் யூவாட் என்னும் ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் 1831இல் குதிரை பற்றியும் 1845இல் நாய் பற்றியும் நூல்கள் எழுதினார். குதிரையின் மூன்றாம் இமை எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்கிய அவர், அதை அறுத்தெறியும் லாடக்காரர்களின் வழக்கத்தைக் கண்டித்தார். உறுப்பின் பயன் புரிந்ததும் கத்தியைக் கீழே வைக்கக் காரணம் கிடைத்தது.

காயத்தைக் காணும் கருவிகள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண் மருத்துவம் விரைந்து வளர்ந்தது. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழியின் உட்புறத்தைக் காணும் கருவியை அறிமுகப்படுத்தினார். 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர், விலங்குகளின் கண்களிலும் தம் கண்ணிலும் கொகேய்ன் கரைசலைச் சோதித்து, கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யும் வழியைக் கண்டார். வலியால் இமையை இறுக மூடும் நாயின் கண்ணைச் சோதிக்க இவ்வகை மருந்துகள் பின்னாளில் பெரிதும் உதவின.

1871இல் அடால்ஃப் ஃபான் பேயர் ஃபுளோரெசின் என்னும் சாயத்தை உருவாக்கினார். கருவிழியை மூடியுள்ள கார்னியா என்னும் கண்ணாடிப் படலத்தில் கீறல் இருந்தால், அந்த இடத்தில் மட்டும் இச்சாயம் ஒட்டிப் பச்சையாக ஒளிரும். வெறும் கண்ணுக்குத் தெரியாத முள் கீறலையும் இது காட்டிக்கொடுக்கும். 1903இல் ஓட்டோ ஷிர்மர் சிறு தாள் துண்டால் கண்ணீரை அளக்கும் சோதனையை வெளியிட்டார். நாயின் கண்ணில் ஒரு நிமிடம் வைக்கும் தாள் பொதுவாக 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நனைய வேண்டும்.

வெட்டிய இமையே கட்டுத்துணியானது

20ஆம் நூற்றாண்டிலும் பழைய வழக்கம் முழுமையாக மறையவில்லை. சில நாய்களுக்கு மூன்றாம் இமையின் சுரப்பி இடம் பெயர்ந்து, செர்ரிப் பழம் போலச் சிவந்து வெளியே தள்ளும். இதைச் ‘செர்ரிக் கண்’ என்பர். மருத்துவர்கள் பலர் அந்தச் சுரப்பியை வெட்டி எடுத்தார்கள். அவ்வாறு சிகிச்சை பெற்ற நாய்களுக்குப் பிற்காலத்தில் கண் உலரும் நோய் வரும் ஆபத்து கூடுவது தெரியவந்தது. எனவே, சுரப்பியை வெட்டாமல் மீண்டும் அதன் இடத்திலேயே பொருத்தித் தைக்கும் முறைகள் வழக்கத்துக்கு வந்தன.

இதே காலத்தில் இன்னொரு சிகிச்சையும் பரவலாக இருந்தது. கார்னியாவில் புண் ஏற்பட்ட நாய்க்கு, மூன்றாம் இமையை இழுத்து மேலிமையோடு தற்காலிகமாகத் தைத்துவிடுவார்கள். அந்த இமை இயற்கையான கட்டுத்துணியாக நின்று புண்ணைக் காக்கும். ஒரு காலத்தில் கொல்லர் சவரக் கத்தியால் அறுத்தெறிந்த ‘நகம்’ இவ்வாறு மருந்தாகவே மாறியது. ஆனால், தைத்த இமைக்குப் பின்னால் புண் மோசமானாலும் தெரியாது என்பதால், ஆழமான புண்களுக்கு வெண்விழியின் மெல்லிய சவ்வை ஒட்டுப்போடும் முறையே இன்று விரும்பப்படுகிறது.

இன்றைய பராமரிப்பு

நாய் ஒரு கண்ணை இடுக்குவது, நீர் வடிப்பது, காலால் முகத்தைத் தேய்ப்பது, கண்ணில் வெண்மை படர்வது, மூன்றாம் இமை வெளியே நிற்பது ஆகியவை காயத்தின் அறிகுறிகள். அப்போது செய்ய வேண்டியவை:

• தூசியோ மண்ணோ இருந்தால் கிருமி நீக்கிய உப்புநீரால் மெதுவாகக் கழுவலாம்.
• கண்ணில் குத்தி நிற்கும் முள்ளைப் பிடுங்கக் கூடாது. விழிக்குள் இருக்கும் நீர் வெளியேறக்கூடும்.
• நாய் தேய்க்காமல் இருக்கக் கழுத்தில் புனல் வடிவக் காப்பு மாட்ட வேண்டும்.
• வீட்டிலிருக்கும் பழைய கண் மருந்தை இடக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த மருந்து கார்னியாப் புண்ணை ஆழமாக்கிவிடும்.
• அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்றாம் இமைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் புல் விதையை, கண்ணை மரத்துப்போகச் செய்த பிறகே தேடி எடுக்க முடியும்.

தமிழ்நாட்டிலும் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாய்கள் வேட்டைப் பின்னணி கொண்டவை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேட்டை தடைசெய்யப்பட்டது. தோட்டக் காவலுக்கு நிற்கும் இந்த நாய்களுக்குச் சீமைக்கருவேல முள்ளும் காய்ந்த புல்லும் இன்றும் ஆபத்துதான். கண்ணில் கையில் கிடைத்ததை ஊற்றும் பழக்கம் இங்கும் உண்டு என்பதால், மிளகும் செலண்டைன் சாறும் ஊற்றிய கதை நமக்கும் பாடமாகிறது.

முடிவுரை

கோமகனின் நூல் எழுதப்பட்டு ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அதிலுள்ள சில அறிவுரைகள் இன்றும் பொருந்தும். மருந்திட்ட கண்ணை நாய் தேய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது அந்நூல். கழுத்தில் மாட்டும் புனல் அதைத்தான் செய்கிறது. ‘நகம்’ பற்றிய கருத்து மட்டும் தலைகீழாக மாறிவிட்டது. நாயின் கண் மூலையில் சிவந்த சதை எழுந்தால், அதை எப்படி நீக்குவது என்று அன்று கேட்டார்கள். அது எதை மறைத்துக் காக்கிறது என்று இன்று கேட்கிறோம். நாயின் பார்வை பிழைப்பது பெரும்பாலும் இந்தக் கேள்வியைப் பொறுத்தே இருக்கிறது.