போத்தனூரில் பிறந்த தாயின் பிள்ளை ஓடிய ஓட்டம்

"பி.எச்.டி.யை முடிக்கிற வழியைக் காணோம், இதில் மாரத்தான் வேறயா?" பெசன்ட் நகர் கடற்கரையிலும் மயிலாப்பூர் பூங்கா பெஞ்சுகளிலும் என் வயதுக்காரர்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றி இப்படி அலுத்துக்கொள்வது உண்டு. ஆராய்ச்சிப் படிப்பும் நெடுந்தூர ஓட்டமும் ஒரே உறையில் இரண்டு கத்தி என்பது அவர்கள் கட்சி. அவர்களுக்காக ஒரு பழைய கதை. நம் சென்னை ராஜதானியில் வேர்விட்ட கதை.

கம்ப்யூட்டர் சாஸ்திரத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஆலன் டூரிங்கைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் மாரத்தான் ஓடியவர் என்பதும், அவருடைய அம்மா கோயமுத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர் என்பதும் அவ்வளவாகத் தெரியாத விஷயங்கள்.

அம்மா வழித் தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமை இன்ஜினீயர். துங்கபத்திரா மேல் பாலம் கட்டியவர். சத்தம் போடாமல் சுழலும் பங்கா சக்கரம் ஒன்றுக்குக் காப்புரிமையும் வாங்கி வைத்திருந்தார். அவர் மகள் எதெல் சாரா 1881-ல் போத்தனூரில் பிறந்தார். 1907-ல் ஜூலியஸ் டூரிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை மணந்தார். மூத்த பிள்ளை ஜான் 1908-ல் குன்னூரில் பிறந்தான். இளையவன் ஆலன் 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தான். இந்தியச் சீதோஷ்ணம் குழந்தைகளுக்கு ஆகாது என்று இரண்டு பிள்ளைகளையும் இங்கிலாந்தில் ஒரு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் கப்பலேறினார்கள். வெள்ளைக்கார துரைகளின் வாழ்க்கை என்றால் பங்களாவும் பட்லரும்தான் நமக்கு ஞாபகம் வரும். பிள்ளைகளைப் பிரிந்து வருஷக்கணக்கில் இருந்ததும் அதில் சேர்த்திதான்.

ஜூலியஸ் ஜில்லா ஜில்லாவாக வேலை பார்த்து, கடைசியில் சென்னை அரசாங்கத்தில் வளர்ச்சித் துறைச் செயலாளர் ஆனார். இன்னொருவர் அவரைத் தாண்டி மேலே போனதும் மனம் கசந்து ராஜினாமா செய்தார். ஆயுசில் பாதியைக் கோப்பு கட்டிக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சீனியாரிட்டி போன வலி ஐ.சி.எஸ்.ஸுக்கும் குமாஸ்தாவுக்கும் ஒன்றுதான்.

பிரிட்டிஷ் வருமான வரிக்குப் பயந்து தம்பதி பிரான்சில் தினார் என்ற கடலோர ஊரில் குடியேறினார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தப் பெயர் பழக்கமானது. ரான்ஸ் ஆற்றின் முகத்துவாரத்துக்கு இந்தக் கரையில் தினார், எதிர்க்கரையில் சேன் மாலோ. 1746-ல் நம் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த லா பூர்தொனே பிறந்த ஊர் அதுதான்! அங்கிருந்துதான் 1926 மே மாதம் பதின்மூன்று வயது ஆலன் புதுப் பள்ளியில் சேரக் கப்பலேறினான். சவுத்தாம்ப்டனில் இறங்கினால் பொது வேலைநிறுத்தம், ரயில் இல்லை. பையன் அசரவில்லை. வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, அறுபது மைல் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். தெம்பு அப்போதே இருந்திருக்கிறது.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் படித்து, 1935-ல் இருபத்திரண்டு வயதில் அங்கேயே ஃபெல்லோ ஆனார். வருஷம் 300 பவுன், கட்டாய வேலை எதுவும் கிடையாது. அப்போதுதான் ஆற்றங்கரையோரம் நெடுந்தூரம் ஓடத் தொடங்கினார். ஒரு கணிதக் கூற்றை நிரூபிக்க முடியுமா முடியாதா என்பதை இயந்திரத்தனமான ஒரு வழிமுறையால் தீர்மானிக்க முடியுமா என்ற கேள்வி அவரைக் குடைந்துகொண்டிருந்தது. அந்தக் கோடையில் ஒருநாள் ஓடி முடித்து கிராண்ட்செஸ்டர் புல்வெளியில் படுத்திருந்தபோது விடைக்கான வழி தென்பட்டது. அதிலிருந்து பிறந்த கட்டுரைதான் இன்றைய கம்ப்யூட்டருக்கு அஸ்திவாரம். பிறகு அமெரிக்கா போய் பிரின்ஸ்டனில் 1938-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

யுத்த காலத்தில் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைத்த பணி உலகறிந்தது. ஓட்டம் தீவிரமானது யுத்தத்துக்குப் பிறகு. பகலில் டெடிங்டன் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் வடிவமைப்பு, மற்ற நேரத்தில் வால்டன் ஓட்டக் கழகம். மூளையைக் கசக்குகிற வேலை, கடுமையாக ஓடினால்தான் அது மனசை விட்டு இறங்குகிறது என்று சகாக்களிடம் சொல்லியிருக்கிறார்.

1947 ஆகஸ்டில் லஃப்பரோ நகரில் நடந்த தேசிய மாரத்தானில் ஐந்தாவதாக வந்தார். 42 கிலோமீட்டருக்கு 2 மணி 46 நிமிஷம் 3 விநாடி. திருவான்மியூரில் கிளம்பினால் மகாபலிபுரத்தை நெருங்கிவிடும் தூரம் அது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. மறுவருஷம் லண்டன் ஒலிம்பிக். அதில் ஜெயித்த அர்ஜென்டினாவின் டெல்ஃபோ கப்ரேராவின் நேரம் 2 மணி 34 நிமிஷம் 51 விநாடி. சுமார் பதினொரு நிமிஷம்தான் வித்தியாசம்.

அந்த 1947 இலையுதிர் காலத்தில் அரைச் சம்பள விடுப்பில் கேம்பிரிட்ஜ் திரும்பி, உடலியல் வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். மூளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை. இயந்திரம் சிந்திக்குமா என்பதைப் பற்றிய அறிக்கையையும் அந்த விடுப்பிலேயே எழுதினார். ஒலிம்பிக் கனவு மட்டும் காலில் வந்த உபாதையோடு போயிற்று.

ஓடினால் எல்லோரும் டூரிங் ஆகிவிடலாம் என்று சொல்ல வரவில்லை. கணக்கைப் பார்த்தால் ஓட்டம் படிப்பைத் தின்னவில்லை. லட்சியத்தைத் தடுத்தது கால்தான், புத்தகம் இல்லை. இரண்டுக்கும் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: நேரம். கேள்வி கேட்காமல் ஒரு கல்லூரி அதைக் கொடுத்தது. பிறகு ஆய்வுக்கூடமும் அரைச் சம்பளத்தோடு ஒரு வருஷம் கொடுத்தது. நம் வீட்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கு, காலை ஒரு மணி நேரத்தையாவது நச்சரிப்பில்லாமல் நாம் கொடுக்கலாமே.

டூரிங்கின் முடிவு சோகமானது. ஓரினச் சேர்க்கைக் குற்றத்துக்காக 1952-ல் நீதிமன்றம் தண்டித்தது. 1954 ஜூன் 7-ல், நாற்பத்திரண்டு முடியுமுன் இறந்தார். சிறு வயதில் பிள்ளையைப் பிரிந்திருந்த அந்த அம்மா, அவரைப் பற்றிய முதல் வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுதினார். 1959-ல் புத்தகம் வெளிவந்தபோது போத்தனூரில் பிறந்த எதெல் சாராவுக்கு வயது எழுபத்தேழு.