குடும்பப் பெயர் பிறந்த கதை

தமிழ்நாட்டில் ஒருவர் தன் முப்பாட்டனைக் காகிதத்தில் தேடிக் கிளம்பினால் சீக்கிரமே முட்டுச்சந்தில் போய் நிற்பார். நம் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பாவின் இனிஷியல், அப்பாவுக்கு முன்னால் தாத்தாவினுடையது. தலைமுறைக்கு ஒருமுறை எழுத்து மாறிவிடும். ஆறு தலைமுறைக்கு ஒரே பெயர் என்பது நமக்குப் பழக்கமில்லை.

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்துப் பாலத்தைத் தாண்டினால் அந்தப் பழக்கமுள்ள வீடுகளைப் பார்க்கலாம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா' குடும்பங்கள் அவை. கொள்ளுப்பேரன் வரை ஒரே குடும்பப் பெயர் ஓடும். அந்தப் பெயர் பிறந்த நாளைக்கூடச் சொல்லிவிடலாம். 1881 செப்டம்பர் 21.

கதை அதற்கு எட்டு வருஷம் முன்பு, ஒரு ஜோடி பூட்சில் ஆரம்பிக்கிறது. புதுச்சேரி வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை 1873இல் ஐரோப்பிய வக்கீல்களைப் போல் காலுறையும் பூட்சும் அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார். பிள்ளை விடவில்லை. வழக்கு பாரிஸில் உள்ள கடைசி முறையீட்டு மன்றம் வரை போய், தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. பூட்சு போடலாம் என்றானதும் அடுத்த கேள்வி தானாக எழுந்தது: உடுப்பில் சமம் என்றால் சட்டத்தில் ஏன் இல்லை?

1881 ஆணை அதற்கு வழி விட்டது. பிரெஞ்சு இந்தியாவில் இருபத்தொரு வயது நிரம்பிய யாரும் தன் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பப் பெற முடியாது. மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் அது கட்டுப்படுத்தும். கூடவே ஒரு நிபந்தனை: தனக்கும் தன் வம்சத்துக்கும் இனி வழங்கப்போகும் குடும்பப் பெயரை அந்தப் பத்திரத்திலேயே குறிப்பிட வேண்டும். பொன்னுத்தம்பி 'லாபோர்த்' ஆனார், அதாவது வாசல். வக்கீலுக்கு விளம்பரம் தெரியும்.

எல்லோருக்கும் அவ்வளவு யோசிக்க நேரம் இருந்திருக்காது. சிலர் அப்பாவின் பெயரையே நிரந்தரமாக்கிக்கொண்டார்கள். சிலர் புனிதர்களின் பெயரை, சிலர் பிரெஞ்சுக்காரர்களின் முதற்பெயரைக் குடும்பப் பெயராக வைத்தார்கள். இப்படித் துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். பெரும்பாலும் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும்தான் அதில் சேர்ந்தார்கள். மேல்சாதி இந்துக்களின் தலைவரான சண்முக வேலாயுத முதலியார் அதைக் கடுமையாக எதிர்த்தார். வாக்காளர் பட்டியலே ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர் என்று மூன்றாகப் பிரிந்தது. அந்த அரசியலைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வம்சத்தைத் தேடுகிறவருக்கு இந்தப் பெயர் பாதி உதவி, பாதி இடைஞ்சல். 1881க்குப் பின்னால் கீழே இறங்கி வருவது சுலபம். மேலே ஏறும்போதுதான் பெயர் அறுந்துபோகிறது. பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே தாளில் சேர்ந்து நிற்கிற இடம் அந்தத் துறப்புப் பத்திரம். அது கிடைத்தால்தான் அடுத்த படி.

அடுத்த படி 'எத்தா சிவில்' ஏடுகள். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு. தேதியை எண்ணால் போடக்கூடாது என்பது பிரெஞ்சு விதி. ஆண்டு, நாள், மணி எல்லாம் எழுத்தில், நீளமான ஒரே வாக்கியமாக, அப்பாவின் வயது, தொழில், சாட்சிகளின் பெயரோடு ஓடும். பத்தாண்டுக்கு ஒருமுறை அகரவரிசை அட்டவணை உண்டு. ஆனால் நம் பெயருக்கு அகரவரிசையே பகை. ஒரே சின்னத்தம்பியை ஒரு குமாஸ்தா 'எஸ்'ஸில் எழுதியிருப்பார், இன்னொருவர் 'சி'யில். இரண்டையும் பார்க்காமல் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

ஊரிலும் ஒரு சிக்கல். 1880இல் பிரெஞ்சு இந்தியாவைப் பத்து கொம்யூனாக, அதாவது நகராட்சியாகப் பிரித்தபோது அரியாங்குப்பம் அதில் இல்லை, பின்னால்தான் தனிக் கொம்யூன் ஆனது. ஆகவே பழைய அரியாங்குப்பத்துக்காரரை வேறு கொம்யூனின் ஏட்டில் தேட வேண்டியிருக்கும். இங்கே கிடைக்காதது பிரான்சில் கிடைக்கலாம். காலனிகளின் பதிவேடுகளை மூன்று பிரதி எடுத்து ஒன்றைத் தாய்நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776இலேயே அரச கட்டளை இருந்தது. அந்த வழியில் போனவை இப்போது எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நூறு வருஷம் கடந்தவற்றில் பலவற்றை வீட்டிலிருந்தே கணினியில் புரட்டலாம்.

என்னைக் கேட்டால் நிலப் பத்திரம்தான் இன்னும் ருசியான ஆவணம். புதுச்சேரிப் பத்திரங்களில் ரீசர்வே எண்ணோடு பழைய பிரெஞ்சு 'கதாஸ்தர்' எண்ணும் வரும், ஆர், சென்டியார் என்ற பிரெஞ்சு அளவுக்குப் பக்கத்தில் குழி, வீசம் என்ற நம்மூர் அளவும் வரும். ரெனோன்சான் குடும்பத்துப் பாகப் பத்திரத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். பிரெஞ்சு சிவில் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அதனால் பெண்கள் பெயரோடு, புருஷன் பெயரோடு, குடியிருக்கும் ஊரோடு வரிசையாக நிற்பார்கள். வழக்கச் சட்டப்படி பங்கு பிரித்த வீடுகளின் பழைய பத்திரங்களில் மகள்கள் பெரும்பாலும் தென்படவே மாட்டார்கள்.

பிரெஞ்சு இந்தியாவிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் தேடுகிறார்கள். 1854 டிசம்பரில் 'ஒரேலி' கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளைக் குவாதலூப்பில் இறக்கியது. அதற்கடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தீவுக்குப் போனார்கள். அவர்களுக்குக் கிடைத்தது வரிசை எண்ணும், காதில் விழுந்தபடி எழுதிய பெயரும். அந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. அங்கே பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கேட்டு 1904இல் தொடங்கிய போராட்டம் 1923 வரை இழுத்தது. புதுச்சேரியில் ஒரு கையெழுத்தில் முடிந்த காரியம்.

முடிந்ததாகச் சொன்னாலும் கையெழுத்து வேலை அதோடு நிற்கவில்லை. 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்றார்கள். அப்போது சைகோன் போன்ற வெளிநாட்டு ஊரில் குடியிருந்தவருக்கு அந்த அவசியமே இல்லை. ஆகவே இன்று குடியுரிமைச் சான்று கேட்டு விண்ணப்பிக்கும் பேரனிடம் கேட்பது தாத்தா யார் என்பதை மட்டுமல்ல. எங்கே பிறந்தார், அந்த நாளில் எங்கே குடியிருந்தார், எழுதிக் கொடுத்தாரா என்பதையும்தான். அரியாங்குப்பத்துக்காரர் பலர் முப்பாட்டனைத் தேடத் தொடங்குவது பாசத்தால் அல்ல, பாஸ்போர்ட்டால்.