வேலியும் வெள்ளாடும்

யாழ்ப்பாணத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் மன்னர்களைப் பற்றி எழுதினார்கள். பறங்கியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைமாற்றிய கதையை எழுதினார்கள். கோயில்களையும் கல்லூரிகளையும் பற்றி ஏடுகள் நிரம்ப எழுதினார்கள். பொருளாதாரத்தில் நாட்டமுடைய சிலர் புகையிலையைப் பற்றியும் எழுதினார்கள். ஆயின் அந்தப் புகையிலைக்கு எருவைத் தந்த ஆட்டைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. அந்த ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்ட பெண்ணைப் பற்றி எழுதியவர் அவரிலும் சிலர். சரித்திரம் யாருடைய கையால் எழுதப்படுகிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

குடாநாட்டின் நிலத்தை முதலில் நோக்குவோம். அடியில் சுண்ணக்கல், அதன்மேல் மெல்லியதாகப் படிந்த மண். வலிகாமத்தில் அது செம்மண். வடமராட்சி, தென்மராட்சிப் பகுதிகளில் பெரும்பாலும் மணல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் பெயருக்கு ஆறாகி, கோடையில் வெறுந் தரையாகிவிடும். காவிரிக் கரையின் உழவனுக்கு வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து கொடுத்தது. யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு அந்தக் கொடை இல்லை. நீரைக் கிணற்றிலிருந்து இறைத்தான். உரத்தையோ கூடை கூடையாகச் சுமந்து சேர்த்தான். உழுவதிலும் எரு இடுவதை மேலாக வைத்த வள்ளுவரின் வாக்கு வேறெங்கும் பொருந்துவதைவிட இந்த மண்ணுக்குப் பொருந்தும்.

ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து மலையாளக் கரைக்குச் சென்றது. திருவிதாங்கூர் மக்கள் வெற்றிலையோடு மென்ற புகையிலை இங்கே விளைந்தது. ஆங்கிலேயர் காலத்திலும் அதுவே குடாநாட்டின் பெருஞ் செல்வம். புகையிலையோ மண்ணின் சத்தை உறிஞ்சுகின்ற பயிர். ஒருமுறை விளைந்த நிலத்தில் மறுமுறை விளைய வேண்டுமாயின் எருவைக் கொட்டவேண்டும். மாட்டெருவும் குழையும் போதவில்லை. ஆகவே தோட்ட நிலத்தில் ஆடுகளை இரவிலே பட்டி அடைத்தார்கள். சுற்றிலும் தட்டிகளை நிறுத்தி உள்ளே மந்தையை விட்டால், விடியும்போது புழுக்கையும் சலமும் மண்ணோடு கலந்திருக்கும். மறுநாள் தட்டியைப் பெயர்த்து அடுத்த துண்டு நிலத்தில் நாட்டுவார்கள். பகலில் புறம்போக்கிலும் தரவையிலும் மேய்ந்த ஆடு, அங்கே தின்ற பச்சையை இரவில் தனியார் நிலத்தில் உரமாக இட்டது. பொதுச் சொத்தின் சத்து தனிச் சொத்துக்குள் நடந்து சென்ற விதம் இது. கணக்குப் புத்தகத்தில் இந்த வரவு எந்தப் பெயரிலும் பதியப்படவில்லை.

அந்த நிலம் யாருடையது, அந்த ஆடு யாருடையது என்று கேட்டால் சமுதாயத்தின் அமைப்பு வெளிப்படும். இலங்கையில் அடிமை முறை 1844இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆயின் விடுதலை பெற்றவனுக்குச் சட்டம் ஒரு பரப்பு நிலத்தையும் கொடுக்கவில்லை. நிலமில்லாதவன் மாடு வளர்ப்பது அரிது. மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், தொழுவம் வேண்டும், முதல் வேண்டும். ஆட்டுக்கோ ஒரு கயிறும் ஒரு முளையும் போதும். அதையும் வாங்க முடியாதவர் வாரத்துக்கு எடுத்தார்கள். ஆடு உடையவனுடையது, உழைப்பு வளர்ப்பவனுடையது, ஈனும் குட்டிகளில் பங்கு. நிலத்திலே நிலவிய குத்தகை முறையின் சிறிய சாயல் ஆட்டுக் கொட்டிலிலும் நிலவியது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. வாரத்துக்கு எடுத்த நிலம் எந்நாளும் பிறனுடையதாகவே இருந்தது. வாரத்துக்கு எடுத்த ஆடோ ஒரு மறிக்குட்டியை ஈன்று, அது பங்காகக் கிடைத்துவிட்டால், ஏழையின் சொந்தச் சொத்து அன்று தொடங்கிவிடும்.

இங்கிலாந்திலே பதினாறாம் நூற்றாண்டில் பொது நிலங்கள் வேலியிடப்பட்டுக் கம்பளி ஆடுகளின் மேய்ச்சலாக்கப்பட்டன; குடியானவர்கள் துரத்தப்பட்டனர். ஆடுகள் மனிதரைத் தின்கின்றன என்று தோமஸ் மூர் 1516இல் மனம் கொதித்து எழுதியது அதனாற்றான். யாழ்ப்பாணத்து வேலியின் கதை வேறு. இங்கே வேலி மனிதனையும் தடுத்தது, ஆட்டையும் தடுத்தது. ஆனால் அந்த வேலியே ஆட்டுக்கு உணவாகவும் இருந்தது!

இது விளக்கத்துக்குரியது. யாழ்ப்பாணத்து வேலி செத்த மரத்தால் ஆனதன்று. பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நாட்டி, இடையிலே கிடுகோ பனையோலையோ வைத்து அடைத்த உயிர் வேலி அது. கதியால் வேர்விட்டுத் தளிர்க்கும். ஆண்டுதோறும் வெட்ட வெட்டக் குழை தரும். ஒரு பகுதி குழை தோட்டத்தில் தாழ்க்கப்பட்டு உரமாகும். மறுபகுதி ஆட்டின் வாய்க்குப் போகும். எல்லைக் கதியால் ஒன்றுக்காக உடன்பிறந்தோர் நீதிமன்றம் ஏறியதைச் சொல்லிச் சிரிப்பவர் உண்டு. அந்தக் கதியால் வெறும் எல்லைக் கல் அன்று. தீவனமும் உரமும் விறகும் தருகின்ற சொத்து என்பதை அறிந்தால் சிரிப்பு அடங்கும். ஒரு வீட்டுக்கு எவ்வளவு நீள வேலி இருந்ததோ அவ்வளவு ஆடு வளர்க்க முடிந்தது. வேலியே இல்லாத குடிசைக்காரி கொக்கைச் சத்தகத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்தாள். பிறர் வேலியில் குழை முறித்ததற்காக அவள் கேட்ட ஏச்சு எந்த ஆவணத்திலும் இல்லை.

ஆடு வளர்த்தல் எளிய தொழில் என்று எண்ணுவோர் அதைச் செய்து பாராதவர். நின்றபடி தலையை உயர்த்தி இலை தின்பது வெள்ளாட்டின் இயல்பு. ஆகவே குழையைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிடவேண்டும். மிதித்த குழையை அது தொடாது. விடியற் பனியில் நனைந்த புல்லை உடனே மேயவிடாமல் வெயில் ஏறும்வரை காத்திருக்கவேண்டும். குடற்புழுக்களின் குஞ்சுகள் ஈரப் புல்லிலேதான் ஏறி நிற்கும். ஐந்து மாதம் சுமந்து ஈனும் மறிக்குப் பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள். பிறந்த குட்டிக்குக் கடும்புப் பால் முதல் நாளிலேயே கிடைக்கவேண்டும். இல்லையேல் நோயை எதிர்க்கும் வலிமை அதற்கு வராது. மாரி காலமே பெருஞ் சோதனை. ஈரத் தரையும் கூதலும் குட்டிகளைச் சளி நோயால் கொண்டுபோகும். நுளம்பின் வழியே புகும் நூற்புழு ஒன்று முதுகுத் தண்டைத் தாக்கிப் பின்னங்காலை முடக்கிவிடும். ஆகையால் அறிந்தவர்கள் தரைக்கு மேலே சலாகைகளைப் பரப்பிப் பரண் கொட்டில் கட்டினார்கள். புழுக்கை இடைவெளியால் கீழே விழும்; ஆடு காய்ந்த இடத்தில் படுக்கும்; எருவும் சிதறாமல் சேரும். இந்த அறிவு எந்தப் பாடசாலையிலும் கற்பிக்கப்பட்டதன்று. தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. உழவாரத்தால் புல் செருக்கியதும், கழுநீரும் பிண்ணாக்கும் வைத்ததும், நள்ளிரவில் கைவிளக்கோடு ஈற்றுப் பார்த்ததும் பெண்களே. சந்தைக்குக் கிடாயைக் கொண்டுபோய் விலை பேசியவர்களோ பெரும்பாலும் ஆண்கள்.

அந்த விலை எங்கே போயிற்று? இலவசக் கல்வி 1945இல் வருமுன் ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் கட்டணம் கட்டவேண்டும். ஒரு கிடாய் ஒரு தவணைக் கட்டணமாயிற்று. இலவசக் கல்வி வந்தபின்னும் கொப்பிக்கும் உடுப்புக்கும் அதே கொட்டிலைத்தான் ஏழைகள் நோக்கினார்கள். வங்கியின் வாசலை மிதியாதவர்களுக்கு ஆடே வங்கி, குட்டியே வட்டி. இதை வாசிக்கும் ஆசிரியர்கள் தம் வகுப்பிலுள்ள எத்தனை பிள்ளைகளின் புத்தகம் எந்த ஆட்டின் விலை என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஆட்டுப்பாலை அருந்திவந்த காந்தியடிகள் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தார். அவரை அழைத்த மாணவர் காங்கிரஸ் இளைஞர்கள் தீண்டாமையை எதிர்த்தவர்கள். ஏழையின் ஆட்டுப்பாலை உலகறிய உயர்த்திய அவரை வரவேற்ற ஊரிலேயே, அந்த ஆட்டை வளர்த்த பலர் உயர்சாதியார் கிணற்றில் நீர் அள்ள முடியாதிருந்தது. பாலுக்குத் தீட்டில்லை, எருவுக்கும் தீட்டில்லை, வளர்த்த கைக்கு மட்டும் தீட்டு! இந்த முரண்பாட்டை உடைக்க மக்கள் பின்னும் பல்லாண்டு போராடவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்தது அந்தப் போராட்டத்தின் ஒரு கட்டம்.

கோயிலைப் பற்றிப் பேசும்போது வேள்வியை விட்டுவிட முடியாது. வைரவர், காளி முதலிய தெய்வங்களுக்குக் கிடாய் வெட்டும் வழக்கத்தை ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடுமையாகக் கண்டித்தார். கருகம்பனைக் கவுணாவத்தை நரசிங்க வைரவர் கோயில் வேள்வி வழக்கு மன்றம் வரை சென்றது. 2017இல் யாழ்ப்பாண மேல்நீதிமன்றம் குடாநாட்டுக் கோயில்களில் உயிர்ப்பலிக்குத் தடை விதித்தது. கோயில் முன்றிலில் இரத்தம் சிந்தவேண்டும் என்று வாதாடுவது நம் நோக்கமன்று. ஆயின் ஒன்றைக் கேட்கவேண்டும். வேள்விக் கிடாய்க்குச் சந்தைக் கிடாயிலும் நல்ல விலை உண்டு. அந்த ஒரு நாளை நம்பி ஆண்டு முழுவதும் ஆடு வளர்த்த குடும்பங்கள் உண்டு. சீர்திருத்தம் பேசியோர் ஆட்டின் உயிருக்கு இரங்கினர், நன்று. அதை வளர்த்தவளின் வயிற்றுக்கு மாற்று வழி என்ன என்று எத்தனை பேர் கேட்டனர்? இறைச்சிக் கடையில் வெட்டுண்ட ஆட்டுக்காக அவர்களிற் பலர் இரங்கியதாகவும் தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலையாளப் புகையிலை வாணிகம் தேய்ந்தது. வெங்காயமும் மிளகாயும் அதன் இடத்தைப் பிடித்தன. 1970ஆம் ஆண்டில் அமைந்த அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் நல்ல விலை கண்டனர். நீரிறைக்கும் யந்திரமும் செயற்கை உரமும் பரவின. பட்டி அடைக்கும் வழக்கம் மங்கியது. எரு சுமந்த கூலியாளின் வேலையும் குறைந்தது. ஆயின் மிகுதியாக இட்ட உரம் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கிக் கிணற்று நீரில் நைத்திரேற்றாகக் கலந்ததைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபோது மிளகாய் விலை சரிந்தது. உரச் செலவு மட்டும் நிலைத்தது.

பின்னர் யுத்தம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். 1995 ஒக்தோபர் 30 அன்று வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. கைக்குழந்தையையும் கிழவரையும் சுமந்தவர்கள் ஆட்டைச் சுமக்க முடியவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனார்கள். அவிழ்க்க மறந்தவர்களின் துயரம் ஆண்டுகள் கழிந்தும் ஆறவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியா குடாநாட்டுக்கு வரவில்லை. அப்போது மறக்கப்பட்ட எரு மீண்டும் நினைவுக்கு வந்தது. 2021இல் அரசு செயற்கை உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தபோதும் அதே நினைவு வந்தது. நெருக்கடியில் மட்டும் ஆட்டை நினைப்பது நம் ஆட்சியாளரின் வழக்கம்.

2009இல் யுத்தம் முடிந்தபின் கணவனை இழந்த பெண்களுக்கு வாழ்வாதார உதவி என்று ஆடு கொடுக்கப்பட்டது. படம் எடுத்தார்கள், பெயர்ப்பலகை நட்டார்கள். கொடுத்தவர்கள் குழைக்கு எங்கே போவாள் என்று கேட்டார்களா? வெளிநாட்டுப் பணம் வந்த வளவுகளில் உயிர் வேலி வெட்டப்பட்டுச் சீமெந்து மதில் எழுந்துவிட்டது. மதில் தளிர்ப்பதில்லை. மருத்துவமும், தீவன நிலமும், நியாய விலைக்குக் கூட்டுறவும் இல்லாமல் கொடுக்கப்பட்ட ஆடு அடுத்த மாரியில் செத்தால், அதற்குப் பெயர் உதவியன்று. கடனுக்கு மேல் ஒரு துக்கம்.

ஆட்டின் சரித்திரம் நமக்குச் சொல்வது இதுதான்: ஏழைக்கு உயிரை மட்டும் கொடுத்தால் போதாது; அந்த உயிர் மேய நிலமும் வேண்டும். தரவைகளைப் பொதுவாகக் காப்போம். சாலையோரத்திலும் பள்ளிக்கூட எல்லையிலும் பூவரசங் கதியால் நாட்டுவோம். வளர்ப்பவர்களே சேர்ந்து விலை பேசும் சங்கம் அமைப்போம். குழை ஒடிக்கும் கை கூலிக்கும் ஏச்சுக்கும் உரிய கையாக இராமல், கணக்கெழுதும் கையாகவும் ஆகும் நாளில், யாழ்ப்பாணத்தின் சரித்திரம் சரியாக எழுதப்படும்.