துலோய்

வாசலில் நிற்பவரைப் பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் ‘துலோய் போ காயோ’ என்று அழைப்பார்கள். ‘போ’ மரியாதை இடைச்சொல். ‘காயோ’ நம் ‘நீங்கள்’ போன்ற பன்மை. ‘துலோய்’ என்றால் தொடர்தல். தங்குமிடத்தைக் குறிக்கும் ‘துலுயான்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. வந்தவரின் பயணம் வீட்டுக்குள்ளும் தொடரட்டும் என்ற அழைப்பாகவே இதை நான் படிக்கிறேன். வெறும் உபசார வார்த்தை என்பாரும், விருந்தோம்பலே ஸ்பானியர் கற்றுத்தந்தது என்பாரும் உண்டு. ஆனால் 1521 மார்ச்சில் ஹோமோன்ஹோன் தீவில் முதன்முதலாக இறங்கிய, ஸ்பெயினுக்காகப் பயணித்த மகெல்லன் குழுவினருக்கு, சுலுவான் தீவினர் மீன், கள், வாழைப்பழம், தேங்காய் கொடுத்ததை அந்தப் பயணத்தில் உடன்சென்ற பிகாஃபெட்டா பதிவுசெய்திருக்கிறார். அதற்கு முன்பே அவர்கள் தொப்பியும் கண்ணாடியும் பெற்றிருந்தார்கள் என்பது உண்மைதான். எனினும் மீண்டும் வருவதாகச் சொன்ன சொல் தவறாமல் சில நாளில் உணவோடு வந்தார்கள். அவர்கள் பேசியது தகாலோக் அன்று. ஆனால் விருந்தோம்பும் வழக்கம் ஒரு மொழிக்குள் அடங்கியதில்லை.