ஆஃபர் லெட்டரும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும்

போன வாரம் எதிர்வீட்டுப் பையன் கைப்பேசியை நீட்டினான். "தாத்தா, இதைக் கொஞ்சம் பாருங்க. சேர்ற தேதியைப் பின்னாடி சொல்றோம்னு போட்டுப் பதினோரு மாசமாச்சு. காலேஜ்ல கேட்டா 'வெயிட் பண்ணு'ங்கிறாங்க. நீங்க இந்த வேலையில இருந்தவராச்சே?"

இருந்தவன்தான். 1979-இல் மெக்கானிக்கல் பிரிவில் விரிவுரையாளராகச் சேர்ந்து, 1998 முதல் 2012-இல் ஓய்வு பெறும்வரை எங்கள் கல்லூரியின் பிளேஸ்மென்ட் ஆபீசராகவும் இருந்தேன். அந்தப் பையனுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் பழைய கதை.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். நம் காலத்தில் படிப்பு முடிந்ததும் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்போம். வந்தால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டராகத்தான் வரும். அதில் சேரும் தேதி, சம்பளம், ஊர் எல்லாம் இருக்கும். ஆஃபர் லெட்டர் என்பது தொண்ணூறுகளில் மென்பொருள் கம்பெனிகள் கூட்டமாக ஆள் எடுக்கத் தொடங்கியபோது நம் வீடுகளுக்குள் நுழைந்த காகிதம். மாணவன் ஏழாவது செமஸ்டரில் இருக்கும்போதே, அடுத்த வருடம் எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். கணக்குத் தப்பினால் நஷ்டம் மாணவனுக்குத்தான்.

முதல் தடவை கணக்குத் தப்பியது 2001-இல். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் நாஸ்டாக் உச்சத்துக்குப் போய்விட்டுச் சரியத் தொடங்கியது. டாட்காம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. அங்கிருந்து வரும் வேலையை நம்பி இங்கே ஆள் எடுத்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். செப்டம்பர் 11-க்குப் பிறகு இன்னும் மோசமானது.

எங்கள் கல்லூரியில் அப்போது 'ஒரு மாணவனுக்கு ஒரு வேலை' என்று ஒரு விதி இருந்தது. ஒரு கம்பெனியில் தேர்வாகிவிட்டால் அடுத்த கம்பெனியின் தேர்வில் உட்காரக் கூடாது. பல கல்லூரிகளில் இன்றும் இருக்கும் விதிதான். நியாயமும் உண்டு. கெட்டிக்காரப் பையன் ஒருவனே நாலு வேலையை வாங்கி வைத்துக்கொண்டால் மற்ற மூன்று பேர் வெறுங்கையோடு போவார்கள்.

அந்த வருடம் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் படித்தான். அப்பா கைத்தறி நெய்பவர். பையனுக்கு ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆஃபர் கிடைத்திருந்தது. ஜனவரியில் கோயம்புத்தூர் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வந்தபோது, "சார், நானும் எழுதிக்கட்டுமா? எனக்கு என்னவோ மனசு சரியில்ல" என்று கேட்டான். "உனக்குத்தான் கெடச்சிருச்சே, அடுத்தவன் வயித்துல அடிக்காதே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூனில் மென்பொருள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வணிகச் சூழல் காரணமாக ஆஃபரைத் திரும்பப் பெறுகிறார்களாம். பம்ப் கம்பெனியில் இடமெல்லாம் நிரம்பிவிட்டது.

அவன் அப்பா என் அறைக்கு வந்தார். மஞ்சப்பையிலிருந்து அந்த ஆஃபர் லெட்டரை எடுத்து மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. "ஏனுங்க சார், இந்தக் காயிதம் செல்லாதுங்களா?" என்றார். இது ஆஃபர் லெட்டர்தான், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லை என்று விளக்கினேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கே அன்றுதான் சரியாக உறைத்தது. அவர் ஒன்றும் பேசாமல் உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

கம்பெனிக்கு நான் காட்டமாக ஒரு கடிதம் எழுதினேன். முதல்வர் அதில் பாதியைச் சிவப்பு மையால் அடித்தார். "அடுத்த வருஷம் அவங்க நம்ம காலேஜுக்கு வரணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். கடைசியில் போனது "தயவுகூர்ந்து பரிசீலிக்க வேண்டுகிறோம்" என்ற கடிதம். அதற்குப் பதில் வரவே இல்லை. 2003-இல் அதே கம்பெனி மறுபடி வந்தபோது சால்வை போட்டு வரவேற்றோம். போட்டவன் நான்.

2005-இல் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. ஆஃபரை ஒப்புக்கொண்ட மாணவன் ஒருவன் மேற்படிப்புக்கு அமெரிக்கா போய்விட்டான். கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவன் பெயரை அறிவிப்புப் பலகையில் போட்டோம். அபராதம் கட்டச் சொன்னோம். இனி யாரும் அவனுக்குச் சிபாரிசுக் கடிதம் தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டோம். எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தது. அவன் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. அவனால் அடுத்த வருடம் அந்தக் கம்பெனி எங்கள் பக்கம் வரவில்லை, ஜூனியர்கள்தான் கஷ்டப்பட்டார்கள். ஆனால் கம்பெனி வாக்கு மாறினால் வேண்டுகோள், மாணவன் வாக்கு மாறினால் தண்டனை என்று இரண்டு தராசு வைத்திருந்தோம். இரண்டிலும் கையெழுத்து என்னுடையது.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். அந்த வருடம் நிறையக் கம்பெனிகள் ஆஃபரை ரத்து செய்யவில்லை, சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போயின. இது இன்னும் மோசம். ரத்து என்றாலாவது பையன் வேறு வேலை தேடுவான்.

இந்தத் தடவை நான் விடவில்லை. சேரும் தேதி மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போனால் 'ஒரு வேலை' விதி அவனைக் கட்டாது, படித்து முடித்திருந்தாலும் வந்து தேர்வு எழுதலாம் என்று விதியைத் திருத்த வைத்தேன். கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். சென்னிமலைக்காரரின் பிளாஸ்டிக் உறையைப் பற்றிச் சொன்னேன், அடங்கினார்கள். வந்த கம்பெனிகள் கொஞ்சம்தான், சம்பளமும் குறைவுதான். ஆனாலும் கதவு திறந்திருந்தது.

நான் ஓய்வு பெற்ற பின் நடந்ததைச் செய்தித்தாளில்தான் படித்தேன். 2016-இல் ஃபிளிப்கார்ட், கேம்பஸில் எடுத்தவர்களை ஜூனில் சேர்க்காமல் டிசம்பருக்குத் தள்ளியது. அகமதாபாத் ஐ.ஐ.எம். நேரடியாகக் கண்டனக் கடிதம் அனுப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐ.ஐ.டி.க்களின் கூட்டுக் குழு, வாக்கு மாறிய 31 கம்பெனிகளை அந்த ஆண்டுத் தேர்வுக்கு வரவிடாமல் தடை செய்தது. படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன, டிசம்பர் 1-இல் முதல் நாளே இடம் வேண்டும் என்று போட்டி. நம் மாநிலத்தில் கல்லூரிகள் ஐநூறைத் தாண்டிய காலத்தில் நாங்கள்தான் கம்பெனி வாசலில் நின்றோம். தடை போட நமக்கு ஏது தெம்பு? ஐ.ஐ.டி.க்கள் செய்ததில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அவை தனித்தனியாக இல்லாமல் சேர்ந்து செய்தன.

2020-இல் கொரோனா வந்தபோது ஏ.ஐ.சி.டி.இ. கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி, கொடுத்த ஆஃபரைத் திரும்பப் பெறாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. அதுவும் வேண்டுகோள்தான், உத்தரவு இல்லை. 2023-இல் விப்ரோ, ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்று சொல்லி எடுத்தவர்களிடம் மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது.

கடைசியில் எதிர்வீட்டுப் பையனிடம் இதைத்தான் சொன்னேன்: வந்த மின்னஞ்சல்களையெல்லாம் பத்திரமாக வை. காத்திருக்காதே, வேறு இடத்துக்கு விண்ணப்பம் போடு. மறுபடி தேர்வு எழுத அனுமதிக்கச் சொல்லிக் கல்லூரிக்கு எழுத்து மூலமாகக் கேள். வாயால் கேட்டால் 'வெயிட் பண்ணு' என்பார்கள், எழுதிக் கேட்டால் யாராவது கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்லியாக வேண்டும்.

கடிதத்தை நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். 'தயவுகூர்ந்து' என்று ஓரிடத்தில் கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிட்டேன்.

சென்னிமலைப் பையன் பிறகு ஒரு பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் தகவல் இல்லை. இப்போது அவனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும்.